மனை வாங்கும் முன் தெரு யாருடையது என்று கேளுங்கள்: மோகனூர் பேரூராட்சியை முன்வைத்து ஒரு விளக்கம்

வளைகுடாவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஊரில் ஒரு மனை வாங்குகிறோம். மனைவியின் நகை, அத்தாவின் சேமிப்பு, அண்ணன் தம்பிகளின் கைமாற்று எல்லாம் அதில் சேர்கிறது. வீடு கட்டிக் குடிபோகிறோம். வீட்டு வரி ரசீதும் நம் பெயரில் வந்துவிடுகிறது. முதல் மழைக்கே தெரு சேறாகிவிட, பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் “அந்தத் தெரு எங்கள் கணக்கில் இல்லை” என்கிறார்கள். “நம்ம ஆட்கள் தெரு என்பதால்தான் செய்யவில்லை” என்று நாமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். சில இடங்களில் அப்படியும் நடக்கலாம். ஆனால் பல நேரங்களில் உண்மைக் காரணம், மனைப் பிரிவை விற்றவர் எழுதிக் கொடுக்காமல் விட்ட ஒரு தானப் பத்திரம்.

அந்தப் பத்திரம் எதற்கு என்று புரிய வேண்டுமானால், ஒரு பேரூராட்சியின் கையில் என்னென்ன இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கும் மோகனூரை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்த ஊர். சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். நகரம் என்று சொல்ல முடியாது, கிராமம் என்றும் ஒதுக்க முடியாது. இப்படிப்பட்ட ஊர்களுக்காகத்தான் தமிழ்நாட்டில் பேரூராட்சி என்ற அமைப்பு இருக்கிறது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 490 பேரூராட்சிகளுக்கானது. அவற்றில் மோகனூரும் ஒன்று.

தலைவரா, செயல் அலுவலரா?

வார்டு உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். அவர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்கள் சேர்ந்ததுதான் மன்றம். எந்தத் தெருவுக்குச் சாலை, எங்கே கால்வாய், எதற்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் மன்றத்தின் தீர்மானமாக வர வேண்டும். அதை நிறைவேற்றுபவர் செயல் அலுவலர். அவர் அரசு ஊழியர், இடமாற்றத்துக்கு உட்பட்டவர். கோப்பு, ரசீது, உரிமம், நோட்டீஸ் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் வரும்.

நம்மவர்கள் பெரும்பாலும் தலைவரையோ கட்சிப் பொறுப்பாளரையோ நேரில் பார்த்து வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். “சொல்லிட்டேன், பார்த்துக்கிறேன்னார்” என்பதோடு அது முடிந்துவிடுகிறது. எழுதிக் கொடுக்காத கோரிக்கை கோப்பில் இருக்காது. கோப்பில் இல்லாதது மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலுக்கும் வராது. மனு கொடுத்து, பெறப்பட்டதற்கான முத்திரையோ ரசீதோ வாங்கி வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

எந்தச் சாலை யாருடையது?

ஊருக்குள் இருக்கும் எல்லாச் சாலையும் பேரூராட்சிக்குச் சொந்தமல்ல. நாமக்கல்லில் இருந்து மோகனூர் வரும் சாலை நெடுஞ்சாலைத் துறையின் வசம் உள்ளது. காவிரியைக் கடந்து கரூர் மாவட்டம் வாங்கலோடு மோகனூரை இணைக்கும் பாலமும் அப்படியே. சேலம் - கரூர் ரயில் பாதையில் 2013இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியதும் ரயில்வே நிலம் என்று இன்னொரு எல்லையும் வந்துவிட்டது. பிரதான சாலையில் பள்ளம் என்றால் மனு நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளருக்குப் போக வேண்டும். குடியிருப்புத் தெரு என்றால் பேரூராட்சிக்கு. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மேசை மேசையாக அலைந்து கொண்டிருக்கும்.

குடியிருப்புத் தெரு என்றாலும் அது பேரூராட்சியின் பெயரில் இருந்தால்தான் அரசுப் பணத்தை அதில் செலவிட முடியும். தனியார் பெயரில் இருக்கும் நிலத்தில் சாலை போட்டால் தணிக்கையில் கேள்வி வரும். எந்தச் செயல் அலுவலரும் அதற்குத் துணிய மாட்டார். தானப் பத்திரம் இங்கேதான் குறுக்கே வருகிறது.

ஒருவர் தன் தோட்டத்தை மனைகளாகப் பிரித்து விற்க வேண்டுமானால் நகர் ஊரமைப்புத் துறையிடம், அதாவது எல்லோரும் டிடிசிபி என்று சொல்லும் அலுவலகத்திடம், தொழில்நுட்ப ஒப்புதல் பெற வேண்டும். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இதற்கு அடிப்படை. வரைபடத்தில் காட்டிய சாலைகளை அவர் பேரூராட்சிக்குத் தானமாகப் பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும். மனைப் பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்குமான திறந்தவெளியாகவும் எழுதிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பேரூராட்சி இறுதி அனுமதி தருகிறது. அந்த நாளில் இருந்துதான் அது பொதுத் தெரு.

விற்பவருக்கு இதில் லாபம் எதுவும் இல்லை. சாலைக்கும் பூங்காவுக்கும் விடும் நிலம் அவருக்கு நஷ்டம். அதனால்தான் பல ஊர்களில் “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று ஒரு முத்திரையைக் காட்டி மனைகளை விற்றார்கள். ஊராட்சித் தலைவர் போட்ட கையெழுத்தை அங்கீகாரம் என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோதுதான் தங்கள் கையில் இருப்பது என்ன என்பது பலருக்குத் தெரிய வந்தது. மகளின் திருமணத்துக்காக மனையை விற்க நினைத்தவர்கள் பதிவு அலுவலக வாசலில் இருந்து திரும்பி வந்தார்கள்.

பிறகு 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைப் பிரிவுகளுக்கு, கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம் என்று வழி திறக்கப்பட்டது. காலக்கெடுவும் பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஆனால் மனை வரன்முறையானால் தெருவும் தானாகப் பேரூராட்சிக்குப் போய்விடும் என்று நினைப்பது தவறு. தெருவை எழுதிக் கொடுப்பது தனி வேலை. விற்றவர் இறந்திருப்பார், வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள், ஒருவர் கையெழுத்துப் போட மறுப்பார். ஆண்டு ஆக ஆக இந்தச் சிக்கல் கூடுமே தவிரக் குறையாது.

எனவே மனை பார்க்கப் போகும்போது விலையைக் கேட்கும் முன் அங்கீகார எண்ணையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் கேளுங்கள். சாலைக்கான தானப் பத்திரத்தின் எண், ஆண்டு என்ன என்று கேளுங்கள். சாலை இருக்கும் சர்வே எண்ணுக்கும் தனியாக வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நம் மனையின் எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் பார்த்துவிட்டுத் திருப்தி அடைவதுதான் பெரும்பாலானோர் செய்வது. மனைப் பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். “நம்ம ஆளு, ஏமாத்த மாட்டார்” என்பதை வைத்து இவற்றில் எதையும் விட்டுவிட வேண்டாம். நல்ல மனிதராகவே இருந்தாலும் அவருக்குப் பிறகு வாரிசுகளிடம்தானே கையெழுத்துக்கு நிற்க வேண்டும்?

ஏற்கெனவே வாங்கிக் குடியிருப்பவர்கள், தெருவாசிகள் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். தெருவின் சர்வே எண் யார் பெயரில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகப் பதிவேட்டில் பார்த்துவிட்டு, உரிமையாளர்களையோ வாரிசுகளையோ அழைத்துப் பேசி, பத்திரம் பதிய வைப்பதுதான் குறுக்கு வழி இல்லாத வழி. இதில் ஜமாஅத் நிர்வாகிகள் முன்நின்றால் காரியம் சீக்கிரம் முடியும். குடும்பச் சண்டையையே பேசித் தீர்ப்பவர்களுக்கு இது முடியாதா என்ன?

சாலை போடும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பழைய தளத்தின் மேலேயே புதிய தளம் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளத்துக்குள் போய்விடுகிறது. மழைநீர் வாசற்படி ஏறி உள்ளே வருகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவிட்டார். வேலை தொடங்கும் அன்றே ஒப்பந்ததாரரிடமும் பொறியாளரிடமும் இதைக் கேட்க வேண்டும். போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

வரி ரசீது எதற்குச் சான்று, எதற்குச் சான்றல்ல?

வீட்டு வரி ரசீது இருந்தால் வீடு சட்டப்படி சரியாகிவிட்டது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வரி என்பது கட்டடம் அங்கே இருக்கிறது, பயன்படுகிறது என்பதற்காக விதிக்கப்படுவது. அனுமதியில்லாத கட்டடத்துக்கும் வரி வாங்குவார்கள். ஆற்றுப் புறம்போக்கில் கட்டிய வீட்டுக்குக்கூட ரசீது இருக்கலாம். அது பட்டா ஆகாது, கட்டட அனுமதியும் ஆகாது. மோகனூர் போன்ற கரையோர ஊரில் இது வெறும் காகித விஷயம் இல்லை. 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையில் இருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டபோது குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் கரையோரக் குடும்பங்கள் வீட்டை விட்டு முகாம்களுக்குப் போக நேர்ந்தது. விலை குறைவாகக் கிடைக்கிறது என்று ஆற்றோரம் இடம் பார்ப்பவர்கள் அந்த ஆகஸ்டை நினைத்துப் பார்க்கட்டும்.

சொத்து வரியைப் பொறுத்தவரை 2022 ஏப்ரலில் பெரிய உயர்வு வந்தது. பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 சதுர அடி வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கும் 100 சதவீதம். வரி ஆண்டுக்கு இரண்டு தவணை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் தொடங்கும் ஒவ்வொரு அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடுதல். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இணையத்தில் கட்டும் வசதி இருக்கிறது. ஊரில் இருக்கும் வாப்பாவை வெயிலில் அனுப்ப வேண்டியதில்லை.

வீடு கட்டும் அனுமதியும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுபவர்கள், சுயசான்று அடிப்படையில் இணையம் வழியாக உடனே அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலை 22 அன்று தொடங்கப்பட்டது. ஆய்வுக்கு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சுயசான்று என்றால் பொறுப்பு நம்முடையது. தவறான விவரம் கொடுத்தால் அனுமதி ரத்தாகும். மனையும் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். மறுபடியும் முதலில் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

பள்ளிவாசல், கடைகள், கப்ருஸ்தான்

வழிபாட்டுக்கென ஒதுக்கி அதற்காகவே பயன்படும் இடத்துக்குச் சொத்து வரி இல்லை. 1920ஆம் ஆண்டு சட்டத்தில் இருந்தே இந்த விலக்கு உண்டு. கோவில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் பள்ளிவாசலின் முன்புறம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் கடைகளுக்கு இந்த விலக்கு கிடையாது. வாடகை வருமானம் பள்ளிக்குத்தான் போகிறது என்பதால் விலக்கு வந்துவிடாது. சில ஜமாஅத்துகள் இதை அறியாமல் பல ஆண்டு நிலுவையை ஒரே நேரத்தில் கட்ட நேர்கிறது. மதரஸா கட்டடத்துக்கு விலக்கு உண்டா என்பது அது எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்தது. எழுத்து மூலம் கேட்டு, பதிலை வாங்கி, கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு என்று அனுமதி வாங்கிவிட்டு அதைப் பள்ளிவாசலாக மாற்றுவது பிற்பாடு பெரிய தலைவலியாகும். புதிய வழிபாட்டுத் தலத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. பேரூராட்சி தரும் வீட்டு அனுமதி அதற்குப் போதாது. “முதலில் கட்டிவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று தொடங்கி, சீல் வைக்கப்பட்டு வழக்கில் நிற்கும் கட்டடங்களைப் பற்றி நாம் கேள்விப்படாமல் இல்லை.

கப்ருஸ்தான் விஷயத்தில் பேரூராட்சிக்கு இரண்டு வேலை. புதிய அடக்கத்தலத்துக்கு உரிமம் தருவது ஒன்று. இருக்கும் இடத்துக்குப் பாதை, தண்ணீர், விளக்கு போன்ற வசதி செய்வது இன்னொன்று. இங்கே நம் பக்கம் இருக்க வேண்டியது ஆவணம். வக்ஃப் வாரியப் பதிவேட்டில் உள்ள சர்வே எண்ணும் பரப்பும், வருவாய்த் துறைப் பதிவேட்டில் உள்ளதும் ஒன்றா என்று முத்தவல்லி ஒருமுறை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்த மனு கொடுக்கலாம். ஜனாஸா வந்து நிற்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர் பாதையை மறித்தால் அன்றைக்குப் பதிவேட்டைத் தேட முடியாது.

குப்பை, கழிவுநீர், காவிரி

மட்கும் குப்பை, மட்காத குப்பை, பழைய மருந்து, பல்பு, நாப்கின் போன்றவை என வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. அதே விதிகளில் நம்மில் பலர் அறியாத ஒன்றும் இருந்தது: உரிமம் பெற்ற மண்டபம் அல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தால், மூன்று வேலை நாட்களுக்கு முன் உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நோன்பு திறப்பு நிகழ்ச்சியும் வலிமா விருந்தும் இதில் வரும். சொல்லிவிட்டால் வண்டி வரும். குர்பானி நாட்களிலும் இப்படித்தான். தோல், குடல், இரத்தக் கழிவு எல்லாவற்றையும் எங்கே சேர்ப்பது, எப்போது எடுத்துப் போவார்கள் என்று ஜமாஅத் முன்கூட்டியே பேரூராட்சியோடு பேசி வைத்தால், கால்வாயில் கழிவு கிடந்தது என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

கழிவுநீர்த் தொட்டி பற்றியும் சொல்லியாக வேண்டும். தொட்டி அடைத்துக்கொண்டால் இரண்டு ஆட்களைப் பிடித்து உள்ளே இறக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். இறக்கியவருக்கு முதல் முறையே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வீட்டுக்காரரும் இதில் மாட்டுவார். சட்டத்தை விடுங்கள், விஷவாயு தாக்கி உள்ளே இறந்துபோகும் மனிதருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். உறிஞ்சும் லாரியைக் கூப்பிட வேண்டும். அது எடுத்ததை எங்கே கொட்டுகிறது என்றும் கேட்க வேண்டும். மோகனூர் ஆற்றில் எடுக்கும் காவிரித் தண்ணீர் நாமக்கல் வரை குடிநீராகப் போகிறது.

தொழிற்சாலைக் கழிவும் புகையும் பேரூராட்சியின் அதிகாரத்தில் வராது. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆற்று மணலும் கரையும் என்றால் கனிம வளத் துறை, நீர்வளத் துறை. மோகனூர் ஒன்றியத்தில் வளையப்பட்டி, என்.புதுப்பட்டி, பரளி, அரூர் பகுதிகளில் சிப்காட் தொழிற்பேட்டை அமைக்க நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் சில ஆண்டுகளாகப் போராடி வருவதைச் செய்திகளில் பார்க்கிறோம். அது மாநில அரசின் முடிவு. ஆனால் அந்த ஊர்கள் கிராம ஊராட்சிகள் என்பதால், மக்கள் கிராம சபையில் நின்று பேசித் தீர்மானம் கேட்க முடிகிறது.

பேரூராட்சியில் வசிப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. நகர்ப்புற மக்களுக்கும் அப்படி ஒரு மேடை வேண்டும் என்றுதான் 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் கொண்டுவரப்பட்டன. உங்கள் வார்டுக்குக் குழு அமைந்திருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று உறுப்பினரிடம் கேளுங்கள். பாதிக்குப் பாதி இடங்கள் பெண்களுக்கு என்பதால் பல வார்டுகளில் உறுப்பினர் பெண்தான். நம் வீட்டுப் பெண்கள் நேரில் போய்ப் பேசத் தயக்கம் தேவையில்லை. தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்த முனையில் விளக்கு எரியவில்லை என்பது ஆண்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மனுவுக்குப் பதில் வராவிட்டால், திங்கட்கிழமைதோறும் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. பழைய மனுவின் நகலோடு அங்கே போகலாம். முதல்வர் உதவி மைய எண் 1100. தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, “எங்கள் தெரு பேரூராட்சியின் சாலைப் பதிவேட்டில் உள்ளதா? இல்லையெனில் காரணம் என்ன? இந்த மனைப் பிரிவுக்கான தானப் பத்திரத்தின் நகல் வேண்டும்” என்று கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பொதுத் தகவல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம் என்று முகவரி எழுதித் தபாலில் அனுப்புங்கள்.